மீட்டர்காரரின் முதல் சந்தேகம்

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள். அவர் விளக்கைத்தான் கழற்றுவார். "மொதல்ல சொல்றவன் ஒழுங்கானு பாப்போமுங்க. அவன் சொல்றத அப்பறமா பாத்துக்கலாம்" என்பார். கணபதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவருடைய ஒர்க் ஷாப். தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் குடியிருக்கும் வீடு. பெயர்ப் பலகை கிடையாது. ஊர் அவரை மீட்டர்காரர் என்றது. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர் தெரியாமல் இல்லை, அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

என்னிடம் இருந்தது அப்பா விட்டுப்போன திறந்த கார். வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. அறுபதுகளில் செய்த வெளிநாட்டு வண்டி, மடக்கி வைக்கிற துணிக் கூரை. அப்பா போனதும், கல்யாணம் கட்டாத பெண்ணுக்கு இது எதற்கு, தள்ளிவிடு என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். எனக்கு வீம்பு. பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. அந்தக் காரிலேயே தினமும் போய் வந்தேன். தொண்ணூறுகளின் கோயமுத்தூர் என்னைத் தடுக்கவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்ததோடு சரி.

வண்டி நன்றாக ஓடும். அதன் டேஷ்போர்டுதான் ஒரு நாள் உண்மை பேசினால் மூன்று நாள் பொய் பேசும். டாங்கி நிறையப் பெட்ரோல் இருக்க, முள் காலி என்று படுத்துக் கிடக்கும். மார்கழிப் பனி துணிக் கூரை வழியாக இறங்கி உள்ளே வயர் முனைகளில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் சாவியைத் திருப்பினால் எரியக்கூடாத விளக்கெல்லாம் எரியும். நான் பதறிப் போய் அவர் முன்னால் நிறுத்துவேன்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கு என்ன சொல்லுது?"

"ஆயில் இல்லைங்குதுங்ண்ணா."

"அது சொல்லும். தெறந்த வண்டி அழுமூஞ்சி வண்டிங்க. பனி பட்டா அழுவும், மழ பேஞ்சா அழுவும். அதுக்கெல்லாம் நாம பயந்தா சோலி ஆகுமா?"

சீட்டில் கால்களை மேலே போட்டு, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, மல்லாந்து படுத்துக்கொள்வார். உள்ளே இருந்து குரல் மட்டும் வரும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும்; ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். மீட்டருக்கு வரும் வயரைக் கழற்றி வண்டியின் பாடியில் ஒரு நொடி தொடுவார். முள் துள்ளி மேலே போனால் மீட்டர் யோக்கியன், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அசையாமல் கிடந்தால் மீட்டர்தான் குற்றவாளி. பத்துக்கு ஒன்பது தடவை மீட்டரோ, அதன் வயரோ, எர்த்தோதான் மாட்டும். எஞ்ஜின் மாட்டியதை நான் பார்த்ததே குறைவு. வேலை முடிந்து வெளியே வரும்போது அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. குரலை உயர்த்தியும் நான் கேட்டதில்லை. 'ங்க' போடாமல் அவர் பேசியது கண்ணு என்று கூப்பிடும் ஒரே மகளிடம்தான். அந்த மரியாதையையும் மென்மையையும் நான் ரொம்ப நாள் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும். உறவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் என் கார்தான் போகும், ஓட்டுவதும் நான்தான். பூ அலங்காரம், முன்னால் நாதஸ்வரம், அதற்கு முன்னால் ஆடிக்கொண்டு போகும் பையன்கள். நடக்கிற வேகத்தைவிட மெதுவாக உருட்ட வேண்டும். ஒரு சித்திரை மாசம் பீளமேட்டில் அப்படிப் போகும்போது சூட்டு மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பைத் தொட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் பயந்துபோய், "எறங்குடா மாப்ள, வண்டி பத்திக்கப் போகுது" என்று மாலையோடு இருந்தவனின் கையைப் பிடித்து இழுத்தார். நல்ல காரியத்தில் மாப்பிள்ளை நடுவழியில் இறங்குவதா என்று பெண்கள் கூச்சல். ஒரு பையனை மொபெட்டில் அனுப்பி மீட்டர்காரரைக் கூட்டி வந்தோம்.

அவர் பானெட்டைத் தொடவே இல்லை. டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். "அம்மணி, பெட்ரோல் முள்ளப் பாத்தீங்களா? காத்தால விட்டதுக்கு மேல ஏறியிருக்குது. அர மணி நேரமா ஓட்டறீங்க, பெட்ரோல் எறங்குமா ஏறுமா?" என்றார். எனக்கு உறைத்தது. இரண்டு மீட்டரும் சேர்ந்து மேலே போயிருந்தன. "ரெண்டு பேரு ஒரே மாதிரி பொய் சொன்னா, ரெண்டு பேருத்துக்கும் சொல்லிக் குடுக்கறவன் ஒருத்தன் பின்னால இருப்பானுங்க" என்று கையை உள்ளே விட்டு ஒரு சின்ன டப்பாவை வெளியே எடுத்தார். இரண்டு மீட்டருக்கும் அளவாகக் கரண்ட் கொடுக்கிற டப்பா. அது கெட்டுப்போய் அதிகம் கொடுத்திருக்கிறது. நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது, மாப்பிள்ளை மண்டபம்வரை காரிலேயே போய் இறங்கினான்.

எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. எங்கள் ஆய்வகத்திலும் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படச் சொல்லிக் கொடுப்போம். "இதுக்குப் பேரு கருவிப் பிழைங்ண்ணா. நீங்க காலேஜுக்கு வந்து எங்க புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும்" என்றேன். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் வருகிறவர்களிடமெல்லாம், "கருவிப் பிழைங்க. டீச்சரே சொல்லிப்போட்டாங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். நான் சிரிப்பேன்.

பத்தாவது தடவை என்று ஒன்று உண்டே, அதற்கு அவர் என்ன செய்வார்? அதையும் ஒருமுறை பார்த்தேன். காங்கேயத்து எண்ணெய் மில் லாரி ஒன்று ஆயில் விளக்கு எரிகிறது என்று வந்தது. விளக்குக்கான ஸ்விட்சு போய்விட்டது, தாராளமாக ஓட்டலாம் என்று அனுப்பினார். எஞ்ஜின் ஊர்போய்ச் சேருவதற்குள் இறுகிப்போய், டிரைவர் வெயிலில் நடந்தே பஸ் ரோட்டுக்கு வந்தாராம். மறுநாள் அந்த மனுஷன் வந்து கத்தியபோது மீட்டர்காரர் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. "பத்துல ஒண்ணு அப்படித்தானுங்க" என்றார். அந்த ஒன்றை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டேன். "ஓட்டிப் பாத்தாத்தானுங்க அம்மணி தெரியும்" என்று டீயை உறிஞ்சினார்.

அவருடைய மகள் சுமதி என் மாணவி. மூன்று வருஷம் என் ஆய்வகத்தில் நின்றவள். மற்ற பெண்கள் விடையை முன்னாலேயே தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ற மாதிரி அளவுகளை எழுதிவிடுவார்கள். இவள் கருவி என்ன காட்டியதோ அதைத்தான் எழுதுவாள். ஒன்பதே முக்காலுக்குப் பக்கத்தில் வர வேண்டிய புவியீர்ப்பு எட்டே முக்கால் என்று வந்தால் எட்டே முக்கால்தான். "திருத்தி எழுதிட்டு வா, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்தா என் மானம் போகும்" என்று நான் நோட்டை வீசியிருக்கிறேன். "எனக்கு அப்படித்தானுங்க மிஸ் வந்துச்சு" என்று நிற்பாள். என் இருபது வருஷ வேலையில் ஒரு பொய் அளவுகூட எழுதாத பெண் என்று சத்தியம் செய்யச் சொன்னால் அவள் ஒருத்திக்குத்தான் செய்வேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

பட்டம் வாங்கின கையோடு அவளை உடுமலைப்பேட்டையில் கொப்பரை வியாபாரம் செய்கிற வீட்டில் கொடுத்தார்கள். முதல் ஆடிக்கு அழைத்து வந்தபோது அவள் ஒர்க் ஷாப்பில் அப்பாவின் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் பேட்டரிக்காகப் போயிருந்தேன். என்னைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை.

"கை ஓங்கறாருங்கப்பா. வெளிய போனா ரூமுக்கு வெளிப்பக்கம் தாப்பாள் போட்டுட்டுப் போறாங்க."

அவர் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். என்றைக்கு நடந்தது, காலையிலா சாயங்காலமா, யார் கூட இருந்தது, அதற்கு முன்னால் இவள் என்ன பேசினாள். அவள் முதலில் வெள்ளிக்கிழமை என்றாள், பிறகு யோசித்து, இல்லை வியாழன் என்றாள். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். முள் ஆடுகிற மீட்டரைக் கண்டால் அவர் அப்படித்தான் தலையசைப்பார். "புது எடம், செரியாப் போயிரும் கண்ணு" என்றார். ஆடி முடிந்ததும் ஒரு டின் முறுக்கோடு அவளைப் பஸ் ஏற்றிவிட்டார்.

தீபாவளிக்கு வந்தபோது இன்னும் அதிகம் சொன்னாள். இந்த முறை அவருடைய சம்சாரமும் கூடச் சேர்ந்து அழுதது. "புள்ளைய அங்க அனுப்ப வேண்டாமுங்க" என்று காலில் விழாத குறை. அவர் என் வீட்டுக்கு வந்து சொன்னார்: "ஆத்தாளும் மகளும் வார்த்த மாறாம ஒண்ணையே சொல்றாங்க அம்மணி. யாரோ சொல்லிக் குடுக்கறாங்க. எதுத்த ஊட்டுக்காரியாத்தான் இருக்கோணும்." அன்றைக்கே அவரை உலுக்கியிருக்க வேண்டும். நான் காபி கொடுத்தேன்.

தை மாசம் அவருடைய சம்சாரம் யாருக்கும் தெரியாமல் என்னிடம் வந்தது. "டீச்சரம்மா, நீங்க ஒருக்கா அவரைக் கூட்டிட்டு உடுமலைக்குப் போயிட்டு வாங்க. கண்ணுல பாத்தாத்தான் அவரு நம்புவாரு." சூட்டு மீட்டரை அப்போதுதான் சரி செய்திருந்தார், தூரமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பல்லடம் தாண்டுவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரமாக நிறுத்தச் சொன்னார். ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்து, வாய்க்குள்ளேயே எண்ணினார். "கை பொறுக்குது. எஞ்ஜின் நல்லாத்தான் இருக்குது" என்று உள்ளே வந்து வயரை உருவிவிட்டார். முள் பேசாமல் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. "இனி நிம்மதியாப் போலாமுங்க." போகவும் வரவும் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி விஷயத்தில் அன்றைக்கும் அவர் சொன்னதுதான் சரி.

அந்த வீட்டுக்காரர்கள் எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். களம் முழுக்கத் தேங்காய் உடைத்துக் காயப்போட்டிருந்தது. மாமியார் இளநீர் சீவி வைத்து, "ஒறம்பரை சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே" என்று விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தது. மாப்பிள்ளை காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாமா, ஒரு ரவுண்டு போலாமுங்களா?" என்று சாவியை வாங்கிக்கொண்டான். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். களத்தைச் சுற்றி வரும்போது இருவரும் சிரித்துப் பேசியது வீட்டுக்குப் பின்பக்கம் வரை கேட்டது.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நானும் சுமதியும் நின்றோம். ரொம்ப இளைத்திருந்தாள். முக்காட்டை இழுத்து ஒரு பக்கம் காதோடு போர்த்தியிருந்தாள்.

"மிஸ், நான் பின்னாடி சீட்டுல உக்காந்துக்கறேன். துணிகூட எடுக்க மாட்டேன். அப்படியே கூட்டிட்டுப் போயிருங்க மிஸ்."

"அப்பாதான் வந்திருக்காரே, அவர்கிட்டயே கேளு."

"அவரு என்னைய நம்ப மாட்டாருங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

உண்மை. நான் சொன்னால் நம்பியிருப்பார். அந்தக் கார் என்னுடையது, சாவி கேட்டால் கைக்கு வந்திருக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தோன்றியது. ஏற்கெனவே என்னைப் பற்றிச் சொல்ல ஊருக்கு நிறைய இருந்தது. அந்தப் பயத்தை மறைக்க டீச்சர் குரலை எடுத்துக்கொண்டேன். "ஒரு ரீடிங்கை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் இல்ல? இன்னும் ரெண்டு மாசம் பாரு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கிளம்பும்போது மீட்டர்காரர் வாசலில் நின்று, "கண்ணு, வாரேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள், திரும்பவில்லை. "பாத்தீங்களா அம்மணி? கூப்பிட்டாக்கூடக் காதுல வாங்கறதில்ல. அவ்வளவு கோவம்" என்றார். வழி முழுக்க அந்த வீட்டின் களத்தையும் மாப்பிள்ளையின் அடக்கத்தையும் புகழ்ந்துகொண்டே வந்தார். கடைசியில், "கருவிப் பிழைதானுங்க" என்றார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

நான் சொன்ன இரண்டு மாசத்தை அவள் பார்க்கவில்லை. மூன்றாவது வாரமே கட்டின சேலையோடு திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கூடப் படித்த பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, லைன் வீட்டில் ஒரு அறை. அவர் இரண்டு வருஷம் மகள் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது கேட்டால், "நல்லாத்தானுங்க இருந்தா, திடீர்னு என்னாச்சோ" என்பார். அந்த 'திடீர்னு' என்ற வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு எரியும். வாயைத் திறக்கத்தான் யோக்கியதை இல்லை.

அப்புறம் சம்சாரத்தின் தொந்தரவு தாங்காமல் ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் திருப்பூர் போனார். தனியாகப் போகக் கூச்சம், என்னையும் கூப்பிட்டார். சுமதி கதவைத் திறந்து, "வாங்கப்பா, வாங்க மிஸ்" என்றாள். அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள். பாய் விரித்து எங்களை வரிசையாக உட்கார வைத்து, அவளும் அதே வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு பரிமாறினாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை, கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "கண்ணு, ஊறுகா" என்றார். அவள் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னார். பிறகு எழுந்து, கை கழுவப் போகிறவர் மாதிரி அவளுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய், அதே குரலில் அதே வார்த்தையைச் சொன்னார். உடனே எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, விரலால் தட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் திரும்பவில்லை. கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரைப்போல ஒரு கோளாறை இடம் பார்த்துத் தொடுகிற மனுஷனை நான் கண்டதில்லை.

அவளுக்கு முன்னால் வந்து குனிந்து கேட்டார். "எடது காது எத்தன நாளாக் கண்ணு கேக்கறதில்ல?"

"நீங்க ரெண்டு பேரும் கார்ல உடுமலைக்கு வந்தீங்களே, அதுக்கு நாலு நாள் முன்னாடிங்கப்பா" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் எழுந்துபோய் ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் காதுக்கு மெஷின் வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட தாள். வலது காதின் கோடு மேலேயே போயிற்று, இடது காதின் கோடு அடியில் கிடந்தது.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. மகள் மேல் பாசமில்லாத மனுஷன் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணில் தண்ணீரோடுதான் அதைச் சொன்னார்: "இந்த மெஷினையெல்லாம் முழுசா நம்பறதுக்கு இல்ல கண்ணு. இன்னொரு எடத்துல காமிச்சுப் பாப்பமா?"

"செரிங்கப்பா. சாப்புடுங்க" என்றாள் சுமதி.

அவர் சாப்பிட்டார். எனக்கு அந்தத் தட்டத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. அவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். வேறு வார்த்தைதான் வந்தது. "என்னை மன்னிச்சிரு சுமதி" என்றேன். தெளிவாகவே சொன்னேன், அவருக்குக்கூடக் கேட்டிருக்கும், தலை நிமிர்ந்து பார்த்தார். சுமதி என் தட்டத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடது பக்கம்.

எழுந்து மறு பக்கம் போய் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நான் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன்.